எந்தக் கோயிலுக்கு?

போன கார்த்திகையில் ஒரு நாள் ராத்திரி, மயிலாடும்பாறையில் தையல் கடை வைத்திருக்கும் என் தோழி செல்போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கத்து மணல்மேடு. உச்சியில் நாலு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, காற்றுச் சத்தம் மட்டும். கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். "இந்த மாதிரி எடத்துல ரெண்டு நாள் சும்மா உக்காந்துட்டு வரணும்டி."

அந்தச் 'சும்மா' என்னைத் தூங்கவிடவில்லை. வருசநாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்த நாலு பேர் நாங்கள். ஒருத்தி தையல்காரி, ஒருத்தி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள், ஒருத்திக்குக் கடமலைக்குண்டு தாண்டி இரண்டு ஏக்கர் முருங்கைத் தோட்டம், நாலாவது நான். நால்வருக்கும் 45 வயது தாண்டிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, கேதம், ஆஸ்பத்திரி என்று எத்தனையோ தடவை ஒன்றாகப் பயணம் போயிருக்கிறோம். சும்மா போனது ஒரு தடவைகூட இல்லை.

மலையடிவாரத்தில் இருக்கிறவர்களுக்குப் பாலைவனம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஊரைச் சுற்றி வருசநாட்டு மலை, மேற்கே மேகமலை, கோம்பைத்தொழு போனால் சின்னச்சுருளி அருவி. வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்க்கிற இடமெல்லாம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் அந்த அருவிக்குக் குடும்பத்தோடு போகிறபோது கரையில் நிற்கிற பெண்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரு தோளில் துண்டு, மறு தோளில் பிள்ளைகளின் சட்டை, கையில் புருசனின் செல்போனும் வாட்சும், காலடியில் புளியோதரைத் தூக்குவாளி. எல்லாரும் குளித்து ஏறித் தலை துவட்டிச் சாப்பிட்டு முடித்த பிறகு, "நீயும் ஒரு முழுக்குப் போட்டுட்டு வா, நேரமாச்சு" என்பார்கள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு இரண்டு நிமிடம் தலையைக் காட்டிவிட்டு ஓடிவருவோம். அந்த அருவியின் கீழ் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றதாக எனக்கு நினைவில்லை.

மணலும் எங்களுக்குப் புதிதில்லை. மூல வைகை ஊரை ஒட்டித்தான் போகிறது. கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். என் மாமியார் கல்யாணமாகி வந்த காலத்தில் விடியுமுன் குடத்தோடு இறங்கி, மணலைக் கையால் பறித்து ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்புவார்களாம். கலங்கல் தெளியும்வரை காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அன்றைக்கு முழுக்க உட்கார்ந்த நேரம் என்று சொல்வார்கள். மணல் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வேலைக்களமாக இருந்தது. அதில் வேலை இல்லாமல் உட்கார்வதுதான் புதிது.

ஜெய்சல்மேர் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. போகவர ரயிலிலேயே வாரம் கழிந்துவிடும். அப்போதுதான் எனக்குத் தேரி நினைவுக்கு வந்தது.

ஆறேழு வருசத்துக்கு முன் ஒரு வைகாசியில், உடன்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலம் கல்யாண வீட்டுப் பெண் ஒருத்தி, "தேரி பாத்திருக்கியளா?" என்று கேட்டுக் கூட்டிப்போனாள். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்தில் மைல்கணக்கில் பரந்து கிடக்கும் செம்மணல் காடு அது. குதிரைமொழித் தேரி என்பது அதில் பெரியது. கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் கடற்கரை மணல் மாதிரி வெளுப்பு கிடையாது. குங்குமத்தில் மஞ்சளைக் கலந்த மாதிரி ஒரு சிவப்பு. மணல் பருக்கைகளின் மேல் படிந்திருக்கும் இரும்புத் துரு கொடுத்த நிறம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று பல்லாயிரம் ஆண்டுகளாக மணலை வாரி வாரிக் குவித்த மேடுகள் அவை. அந்த மேடுகளில் ஆதி மனிதர்கள் விட்டுப்போன நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் அவற்றைக் கண்டெடுத்தார். 1956-ல் தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் திருநெல்வேலிச் சீமைத் தேரிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நகக்கண் அளவுக் கல்லில் கூர் தீட்டிக்கொண்டு அந்தச் சிவப்பு மண்ணில் யாரோ குந்தியிருந்திருக்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். கணுக்கால்வரை புதைந்தது. மேல்மணல் வெதுவெதுப்பு, ஒரு விரல்கடை கீழே ஜில்லென்று ஈரம். உச்சியில் நின்று பார்த்தால் குடை விரித்த உடைமரங்கள், கொல்லாமரங்கள், அதற்கப்பால் பனை, பனை, பனை. எங்கள் ஊரில் எந்தத் திசையில் பார்த்தாலும் மலை மறிக்கும். அங்கே மறிக்க ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் தேடுவார்கள் என்று பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன். அந்தப் பத்து நிமிடத்தை இத்தனை வருசமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இறங்கும் வழியில் ஒரு விடிலி. பனையோலை வேய்ந்த குடிசைக்குள் தரையில் தோண்டிய அடுப்பு, மேலே அகன்ற பாத்திரத்தில் பதநீர் கொதிக்கிறது. என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. காய்ந்த பனைமட்டையை அடுப்பில் தள்ளிவிட்டுக்கொண்டே துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார். நுரை பொங்கி விளிம்புக்கு வந்ததும், ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு சிட்டிகை போட்டார். நுரை அப்படியே அடங்கியது. பக்கத்தில் வரிசையாகச் சிரட்டைகள், ஊற்றுவதற்குத் தயாராக. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடிக் கருப்பட்டி இப்படித்தான் பிறக்கிறது. ஆண் மரமேறி இறக்குகிறார், பெண் அடுப்படியில் வேகிறார். என்னை நிமிர்ந்து பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கோயிலுக்கு வந்திய?"

கல்யாணத்துக்கு வந்ததாகச் சொன்னேன். தேரி மேலே ஏறிப் பார்த்தேன், நல்லா இருக்கு என்றேன். "அப்படியா? நான் ஏறி உக்காந்து எத்தன வருசம் ஆச்சோ" என்றார். விடிலியிலிருந்து அந்த மேட்டுக்கு நூறடிகூட இருக்காது. அருவிக்கரையில் துண்டோடு நிற்கிற எங்கள் ஊர்ப் பெண்களும் அவரும் ஒன்றுதான் என்று அப்போதே பட்டது.

எந்தக் கோயிலுக்கு? எங்கள் திட்டத்தைக் கேட்ட ஒவ்வொருவரும் இதைத்தான் கேட்டார்கள். தெருவில் நாலு பெண்கள் பையோடு நின்றால் கோயிலாக இருக்க வேண்டும், இல்லை ஆஸ்பத்திரியாக, இல்லை சாவு வீடாக. வேறு காரணம் ஊருக்குத் தெரியாது.

கோயில் பயணத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். எங்கள் அம்மாக்களுக்கு உலகத்தைத் திறந்துவிட்டதே அதுதான். மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை கட்டிக்கொண்டு போகும் பெண்கள் கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊர்விட்டு ஊர் போகாத எத்தனையோ பெண்கள் முதன்முதலில் பஸ் ஏறி ஒரு ராத்திரி வெளியே தங்கியது அந்தப் பயணத்தில்தான். மாதவிலக்கு நாளிலும் பெண் வரலாம், கருவறைக்குள் போய்த் தானே பூசை செய்யலாம் என்று அங்கே வழி திறந்தது மிகப் பெரிய காரியம். மற்றக் கோயிலுக்குப் போவதென்றால் முதலில் காலண்டரைத்தான் எடுப்போம். யாருக்கு எந்தத் தேதி, யாருக்குத் தள்ளிப்போகும், யார் மாத்திரை போட வேண்டும். எங்கள் நாலு பேரில் மூன்று பேர் ஒவ்வொரு யாத்திரைக்கும் அந்த மாத்திரையை விழுங்கியவர்கள். தலைவலி, வாந்தி, அடுத்த மாதம் கொட்டித் தீர்க்கும் ரத்தப்போக்கு எல்லாவற்றையும் சாமி பேரில் பொறுத்துக்கொண்டோம். இந்தத் தடவை தேதி குறிக்கும்போது அங்கன்வாடிக்காரி காலண்டரை எடுத்தாள். தையல்காரி அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "மணலுக்குத் தீட்டுக் கிடையாதுடி" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தப் பயணம் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தமிழில் பாலை யாருடைய நிலம் என்றும் யோசித்தேன். குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். குறிஞ்சியும் முல்லையும் சேர்ந்ததுதான் எங்கள் வருசநாடு, அதனால் பாலை எங்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அகநானூற்றின் 400 பாட்டில் ஒற்றைப்படை எண்ணில் வருபவை எல்லாம் பாலை. ஆக, பாதி, 200 பாட்டு. அவற்றில் பெரும்பாலும் பொருள் தேடி அந்தக் காட்டைக் கடப்பவன் ஆண். தலைவி வீட்டில் இருந்து வளை நெகிழக் காத்திருப்பாள். அவள் பாலையில் கால் வைத்தால் அது காதலனோடு உடன்போக்கு. அவளைத் தேடிச் செவிலித்தாய் போனால் அது அழுகை. ஒரு பெண் தன் தோழிகளோடு பாலைக்குப் போய் இளைப்பாறிவிட்டு வந்ததாக ஒரு பாட்டு நான் படித்த அளவில் கண்ணில் படவில்லை. பிரிவுக்கென்றே எழுதிவைத்த நிலத்தில் நாங்கள் கூடி உட்காரப் போகிறோம்.

இளைப்பாற எங்களுக்கு ஏன் நேரமே இல்லை என்பதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கைப் பத்திரிகையில் படித்து வெட்டிவைத்திருக்கிறேன். சம்பளமில்லாத வீட்டுவேலைக்கு ஒரு நாளில் பெண் செலவிடுவது 299 நிமிடம், ஆண் செலவிடுவது 97 நிமிடம். 299 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு. அதற்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. ஞாயிறுதான் இன்னும் அதிகம்: கறி எடுக்கிற நாள், பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நாள், வாரத்துத் துணியெல்லாம் துவைக்கிற நாள். வார இறுதி ஓய்வு என்ற சொல் எங்கள் அடுப்படிப் பக்கம் வந்ததே இல்லை.

திட்டத்தை மாமியாரிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்கள். கடைசியில், "ஏத்தா, யாராவது கேட்டா திருச்செந்தூருன்னு சொல்லிட்டுப் போங்க. எதுக்கு வாய்க்கு வாய் பதில் சொல்லிக்கிட்டு?" என்றார்கள். அன்பில் சொன்னதுதான். 71 வயது வரை அவர்கள் ஊரைச் சமாளித்த வழி அது. திருச்செந்தூரும் பக்கத்திலேயே இருக்கிறது, அப்படிச் சொன்னால் முழுப் பொய்யும் ஆகாது. இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. "அத்தை, முருகனைப் பாக்கணும்னா முருகனைப் பாக்கப் போறேன்னு சொல்றேன். இதுக்கு அவரை மறைவுக்கு நிறுத்தக் கூடாது" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, ரெண்டு நாளு பிள்ளைகளுக்கு நான் ஆக்கிப் போடுறேன்" என்றார்கள்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நான் இறக்கி வைக்கிற குடத்தை இன்னொரு பெண்ணின் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போவதற்குப் பெயர் ஓய்வா? ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிய அந்தக் கைக்கு இன்னும் இரண்டு நாள் வேலை கூட்டிவிட்டு நான் மணலில் காலை நீட்டினால் அது எனக்கு ஒட்டாது. வீட்டுக்காரரிடம் பேசினேன். அவருக்கு ரசம் வைக்கத் தெரியும், முட்டை வறுக்கத் தெரியும், மகனுக்கு இட்லி ஊற்றத் தெரியும். மாவு மட்டும் ஆட்டி வைக்கச் சொன்னார். அதையும் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஒத்துக்கொண்டார். அத்தையும் எங்களோடு வருகிறார்கள்.

போக நினைக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எங்கள் ஏற்பாட்டை எழுதுகிறேன். ஆடி வேண்டாம், காற்றில் மணல் கண்ணில் அறையும். சித்திரை, வைகாசி வெயிலும் ஆகாது. மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். மாசியில் போனால் பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும், பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கலாம். ஆனால் திருச்செந்தூரில் மாசித் திருவிழா 12 நாள் நடக்கும், அப்போது அறை கிடைக்காது. திருவிழா முடிந்த மறுவாரத்தை எடுத்திருக்கிறோம். தங்குவது திருச்செந்தூரில். தேரி வனத்துறையின் காப்புக்காடு, ராத்திரி அங்கே தங்க நினைக்கக் கூடாது. காலை 6 மணிக்குப் போய் 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். மறுபடியும் சாயங்காலம் 4 மணிக்கு மேல். நடுப்பகலில் மணல் காலைப் பொசுக்கிவிடும். உள்ளே போனால் எல்லாத் திசையும் ஒன்றுபோலத் தெரியும், காற்று காலடித்தடத்தை அழித்துவிடும். அதனால் உள்ளூர் ஆள் ஒருவர் துணை வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், குடை, உடைமுள் எடுக்க ஒரு ஊக்கு. பாட்டில், தாள் எதையும் அங்கே போடாமல் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்குப்பை. சமைக்கிற பாத்திரம் ஒன்றுகூட எடுக்கக் கூடாது என்பது நாலு பேரும் சத்தியம் செய்த விசயம். கட்டுச்சோறும் கிடையாது. கட்டுச்சோறு என்றால் ராத்திரி 2 மணிக்கு எழுந்து புளிக்காய்ச்சல் காய்ச்சுவது என்று அர்த்தம்.

பார்க்கப் போகிற இடமும் அதிகமில்லை. அம்மன்புரம் பக்கம் தேரிக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் ஒரு சுனை இருக்கிறது. அத்தனை மணலுக்கு நடுவில் தண்ணீர். அதை அத்தை பார்க்க வேண்டும், மணலில் தண்ணீர் தேடிய கண்கள் அவை. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் சமயத்தில் அங்கே கள்ளர்வெட்டுத் திருவிழா நடக்கும், அன்றைக்குச் செம்மண்ணைச் சனங்கள் கைப்பிடியாய் அள்ளிப்போய் வயலிலும் வீட்டிலும் வைப்பார்கள். எங்கள் முருங்கைத் தோட்டக்காரியும் தன் பங்குக்கு ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துவர நினைத்திருக்கிறாள். நேரம் இருந்தால் மணப்பாடு கடற்கரை. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இடங்களை அடுக்கிக்கொண்டு ஓடினால் அது சுற்றுலா ஆகிவிடும், எங்களுக்கு வேண்டியது உட்கார இடம்.

காசு, அவரவர் சிறுவாட்டுப் பணம். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கன்வாடிக்காரி அப்போதிருந்து தினம் மிஞ்சிய பஸ் காசை ஒரு டப்பாவில் போட்டு வந்திருக்கிறாள். தோட்டக்காரி 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயில் மாதம் 200 ஒதுக்கியிருக்கிறாள். புருசனிடம் கேட்டு வாங்காத பணம் என்பதில் நால்வருக்கும் ஒரு நிம்மதி. வண்டிக்கு டிரைவர் எங்கள் தெருப் பையன், எங்களை அத்தை, சின்னம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். மயிலாடும்பாறையிலிருந்து மல்லப்புரம் மலைச்சாலையில் இறங்கி, பேரையூர், தே.கல்லுப்பட்டி வழியாக விருதுநகரில் நாலுவழிச் சாலையைப் பிடிப்பதாகத் திட்டம். ஐந்தாறு மணி நேரம் ஆகும். வழியில் சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்குகளை அவனிடம் முன்கூட்டியே விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன். பெண்கள் பயணத்தில் இதுதான் முதல் வேலை, இதற்குப் பயந்து பாதி வழி தண்ணீரே குடிக்காமல் போகிறவர்கள் நாம்.

அந்த விடிலியை இன்னொரு தடவை தேடிப் பார்க்க வேண்டும். அந்த அம்மா இருந்தால், அரை மணி நேரம் துடுப்பை எங்களில் ஒருத்தி பிடித்துக்கொள்ள, அவரை மேட்டுக்கு அழைத்துப்போய் உட்காரவைக்க வேண்டும் என்று ஆசை. பதம் தப்பாமல் கிண்டச் சொல்லிக்கொடுத்தால் நாங்கள் கிண்டிவிடுவோம்.

சனிக்கிழமை காலை 5 மணிக்கு வருசநாடு பஸ் ஸ்டாப்பிலிருந்து கிளம்புகிறோம். டிரைவரைச் சேர்க்காமல் ஆறு பேர் உட்காரும் வண்டி, அத்தையோடு ஐந்து பேர் ஆகிறோம். இன்னும் ஒரு இடம் இருக்கிறது.